இடவலம் சார்

மனித குலத்தில் ஒரு ரகம் உண்டு. கண் இருக்கும், ஆனால் காகிதம் அனுமதித்தால் ஒழிய அது பார்க்காது. பெரிய ஆஸ்பத்திரிகளின் பின்கட்டில், ஏசிக் குளிருக்குக் கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இவர்களுக்கு வேலை என்ன தெரியுமா? டாக்டர் எழுதியதைப் படித்து நோய்க்கு ஓர் எண் கொடுப்பது. எண் விழுந்தால்தான் காப்பீட்டுக் கம்பெனி தலையாட்டும். அது தலையாட்டினால்தான் டாக்டர் கத்தியை எடுப்பார்.

நம்மவருக்கு ஆபீசில் பெயர் 'இடவலம் சார்'. கை கோணல் என்றால் எந்தக் கை, விரல் மடங்கினால் எந்த விரல், பிறவியிலேயே வந்ததா, பிற்பாடு வந்ததா என்று கேட்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். வீட்டில் மனைவி, "கழுத்து பிடிச்சுக்கிச்சுங்க" என்று முனகினாலும் அதே பாட்டுதான்.

"எந்தப் பக்கம்? பிறவியிலயா, பின்னாடி வந்ததா?"

"கல்யாணத்துக்குப் பின்னாடி வந்தது" என்பார் அந்த அம்மாள்.

போகட்டும், அது குடும்ப விவகாரம். ஒரு தையல்காரர் வந்தாரே, அதைக் கேளுங்கள். கால் மேல் லாரி ஏறி, எலும்பு ஏடாகூடமாய்ச் சேர்ந்து, பாதம் உள்பக்கமாகத் திரும்பிவிட்டது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். தவறினால், அந்த வேலை தெரிந்த ஒரே டாக்டர் ஒரு வருஷம் வெளிநாடு போய்விடுவார், அதற்குள் பாதம் இறுகிவிடும், மிஷினை மிதிக்க முடியாது, பிழைப்பு போச்சு. அந்த டாக்டரோ அவசரத்தில் 'கால் கோணல்' என்று மட்டும் கிறுக்கியிருந்தார்.

தையல்காரரின் மனைவி அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து இடவலம் சாரின் ஜன்னல் முன் நிறுத்தினாள்.

"இதோ நிக்கிறாரே சார், எட்டித்தான் பாருங்களேன்!"

"எனக்குத் தெரியுதும்மா. ஆனா தெரியக் கூடாது. டாக்டர் எழுதணும்."

ஓடினாள். டாக்டர் எந்தக் கால் என்று எழுதினார். கோபத்தில் 'லாரி ஏறியது' என்றும் சேர்த்தார். நம்மவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"லாரி ஏறுச்சுன்னு இருக்கு. அதனாலதான் கோணுச்சுன்னு இல்லையே? ஏற்கெனவே கோணலா இருந்த கால் மேல லாரி ஏறியிருக்கலாமில்ல?"

"லாரிக்காரனைக் கூட்டிட்டு வரட்டுமா சார்?" என்றாள் அவள், அழுகையும் ஆத்திரமுமாக.

காகிதம் மறுபடி மாடி ஏறியது, திங்கட்கிழமைதான் இறங்கியது. டாக்டர் அதற்குள் விமானம் ஏறிவிட்டார். எண் மட்டும் அப்பழுக்கில்லாமல் விழுந்தது. மேலதிகாரி இடவலம் சாரைத் தட்டிக்கொடுத்தார். அந்தக் கால் இன்றைக்கும் திரும்பியபடியேதான் இருக்கிறது. நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். இதைப் படித்ததும் உங்கள் வாயில் முதலில் வந்தது 'அடப் பாவமே' என்பதா, 'அது எந்தக் கால் என்று நீர் சொல்லவே இல்லையே' என்பதா? இரண்டாவது என்றால் கூச்சப்படாமல் வாருங்கள். இடவலம் சாருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.

எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்காதீர்கள்.