ஆட்சேபணை இல்லாத சோராப்

'சும்மா தமாஷுக்குத்தானே' என்று சொல்லும் ஓர் இனம் உண்டு. இங்கிலாந்தின் கடற்கரை ஊர்களில் இது செழித்து வளரும். பென்ஷன் வாங்கும், மழைக்கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொள்ளும், பழைய சிரிப்புப் படம் எதையாவது நீங்கள் குறை சொல்லிவிட்டால், குடும்பத்தையே இழுத்துப் பேசிவிட்டதுபோல் எழுந்து நிற்கும்.

எங்கள் ஊர்த் திரைப்படக் கழகத் தலைவர் டெனிஸ் ஹெப்பிள்வைட் இதில் அசல் சரக்கு. வருடம் தவறாமல் மாதா கோயில் கூடத்தில் ஒரு பழைய மகாராஜா சிரிப்புப் படத்தைப் போடுவார். வெள்ளைக்கார நடிகர் முகமெல்லாம் பழுப்புச் சாயம் பூசி, தலைப்பாகை கட்டி, தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டுவார். படத்துக்கு முன்னால் டெனிஸ் கால் மணி நேரம் பேசி, கூட்டத்தில் இருக்கும் ஒரே பழுப்பு முகத்தின் பக்கம் திரும்புவார்.

"சோராப், நீயே சொல்லுப்பா. உனக்கு இதுல ஏதாச்சும் வருத்தமா?"

தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சோராப் மிஸ்திரி புன்னகையோடு டீயை உறிஞ்சுவார். போதாதா? இந்தியாவே கையெழுத்துப் போட்ட மாதிரி!

இந்த வருடம் அந்தக் கோயிலை நடத்தும் பாதிரியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ஒருவர் வேண்டாம் என்றாலும் படம் கிடையாது. சிரிக்கவே தெரியாத டெனிஸின் அப்பா வாழ்நாளில் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு படத்துக்குத்தான். அதை இழப்பதை டெனிஸால் தாங்க முடியாது.

"சோராப், சொல்லுப்பா!"

"அந்தப் படத்துல நானும் வேலை செஞ்சிருக்கேன், டெனிஸ்."

கூடமே கைதட்டியது.

"அடப்பாவி! எந்த சீன்ல வர்ற?"

"எதுலயும் வரல. மகாராஜா வேஷம் கேட்டுப் போனேன். பாத்தா இந்தியன் மாதிரியே இல்லன்னுட்டாங்க. அப்புறம் அந்தப் பெரிய நடிகருக்குச் சாயம் பூசறப்ப என்னைப் பக்கத்துல உக்காத்தி வச்சாங்க. நிறம் பாக்க. தலையாட்டக் கத்துக்கொடுத்ததும் நான்தான்."

"ஒன்பது வருஷமா சிரிச்சியேய்யா!"

"நீ கேக்கறப்பல்லாம் அறுபது பேர் திரும்பிப் பாக்கறாங்க. வேற என்ன பண்றது?"

டெனிஸ் தொப்பென்று உட்கார்ந்தார். "அப்ப... வேணாமா?"

"போடு. உங்கப்பா விஷயம் எனக்குத் தெரியும். ஆனா இனிமே என்னைக் கேக்காதே."

படம் ஓடியது. மகாராஜா தலையாட்டும் இடம் வந்தது. டெனிஸின் வாய் பழக்கத்தில் திறந்தது. கண் மட்டும் சோராப் பக்கம் போனது. வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டார். பாவம், எனக்கே கஷ்டமாக இருந்தது.

இங்கிலாந்துக்காரர்களே இப்படித்தான் என்கிறீர்களா? நம் தமிழ்ப் படங்களில் கறுப்பான பெண் வந்ததும் "கரண்ட் போயிடுச்சா?" என்று ஒருவன் கேட்பானே, அந்தக் காட்சி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 'அது சும்மா தமாஷுக்கு...' என்று ஆரம்பிக்கிறீர்கள், கேட்கிறது. இருக்கட்டும். அன்றைக்கு நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார்?