ஸ்கேல் டாக்டரின் சுவர்

தில்லியிலேயே ஆட்களை முகத்தை வைத்து அல்லாமல் உயரத்தை வைத்து நினைவில் வைத்திருந்தவர் எங்கள் ஸ்கேல் டாக்டர் ஒருவர்தான். கரோல்பாகில் பிறந்த தமிழர், எழுபதைத் தொட்டவர். ஜங்புராவில் அவருடைய எலும்பு கிளினிக்கில் பதினெட்டு வருஷம் கதவு திறந்து விட்டவன் நான்.

விரல் சுளுக்கு என்று வந்தாலும் சரி, ஐம்பது வயது தாண்டியவர்கள் செருப்பைக் கழற்றிச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். நான் தலைமேல் அடிஸ்கேலை வைத்துப் பென்சிலால் கோடு இழுத்துப் பெயர் எழுதுவேன். அடுத்த வருஷம் கோடு இறங்கினால் முதுகெலும்பு சத்தமில்லாமல் நசுங்குகிறது என்பார். உடனே எக்ஸ்ரே, எலும்பின் அடர்த்தி பார்க்கும் ஸ்கேன். பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் அந்தச் சுவரை நெருங்கியபோது கையை விரித்துக் குறுக்கே நின்றுவிட்டார். மற்ற மூன்று சுவர் மட்டும் பளபளத்தது.

நோயாளி வீட்டுக்குப் போனால் வாசலில் கிடக்கும் கால் மிதியடியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்துவிடுவார். தடுக்கி விழுந்தால் இடுப்பு போய்விடுமாம். பின்னறையில் இருபது மிதியடி கிடந்தன. வீட்டுக்காரர்கள் கேட்டு வந்தால் தலையைச் சொறிவது என் வேலை.

எலும்பு தேய்ந்தவர்களுக்கு வாரம் ஒரு மாத்திரை. வெறும் வயிற்றில், பெரிய டம்ளர் தண்ணீரோடு. பிறகு அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, டீயும் கூடாது. தில்லிக் குளிரில் ரஜாய்ப் போர்வைக்குள் யார் இதைக் கேட்பார்கள்? அதனால் ஞாயிறு காலை ஆறரைக்கு ஒவ்வொருவருக்கும் போன் செய்வார். பஞ்சாபி அம்மாள் ஒருத்தி டீயைத் தொடவில்லை என்று சத்தியம் செய்தபோது, உறிஞ்சுகிற சத்தம் இங்கே கேட்கிறதே என்று திட்டினார். அடுத்த வாரத்திலிருந்து அந்த அம்மாள் போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டு டீ குடித்தாள்.

எத்தனையோ தலைகளுக்குக் கோடு போட்ட எனக்கு என் வீட்டில் நடந்தது தெரியவில்லை. என் மனைவி செல்விக்கு மூச்சிரைப்பு. மருந்துக் கடையில் தானே கேட்டு வாங்கி வருஷக்கணக்காகத் தின்ற ஸ்டீராய்டு மாத்திரை அவள் எலும்பை அரித்திருக்கிறது. துணி காயப்போடும் கொடிக்கயிறு எட்டவில்லை என்றாள், இறக்கிக் கட்டினேன். முதுகு வலி என்றாள், தைலம் தேய்த்தேன். டாக்டரிடம் சொல்லக் கூச்சம். ஒருநாள் எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தவளை அவரே சுவரோரம் நிறுத்திவிட்டார்.

"கல்யாணத்தப்ப இவ உனக்கு எது வரைக்கும் இருந்தா?"

"காது வரைக்கும், சார்."

"இப்ப தாடைக்குத்தான் வரா. நீ தினம் கோடு போடறவன்தானே, முருகேசா?"

அதற்கு மேல் அவர் திட்டவில்லை. எக்ஸ்ரேயில் முதுகெலும்புக் கணுக்கள் இரண்டு நசுங்கியிருந்தன. மூச்சிரைப்புக்குத் தகுந்த டாக்டரிடம் அனுப்பி, கடை மாத்திரையை மெல்ல மெல்லக் குறைக்க வைத்தார். ஞாயிறு போன் எங்களுக்கும் வந்தது. நான்கு வருஷம் செல்வியின் கோடு இறங்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் என்னிடமிருந்து பென்சிலை வாங்கி, பழைய கோட்டின் மேலேயே அவர் கோடு போட்டார்.

போன வருஷம், எப்போதும் முழங்காலோடு நிற்கும் அவருடைய வெள்ளை அங்கி அதற்குக் கீழே தொங்கியது. தானே எடுக்கிற மேல் தட்டு ஃபைலை என்னை எடுக்கச் சொன்னார். இரண்டு நாள் அடிஸ்கேலை எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தேன். மூன்றாம் நாள் கதவைச் சாத்தினேன்.

"சார், செருப்பைக் கழட்டுங்க."

"அரே, சோடோ, விடு முருகேசா. பேஷன்ட் காத்திண்டிருக்கா."

"கொடிக்கயித்த ஒரு தடவ இறக்கிக் கட்டிட்டேன் சார். இன்னொரு தடவ என்னால ஆகாது."

நின்றார். கிளினிக் திறந்த அன்று போட்ட அவருடைய கோட்டுக்கு மூன்று விரல் கீழே விழுந்தது என் பென்சில். திரும்பிப் பார்த்தார். "நேராத்தான் போட்டிருக்கே" என்றார்.

அவருக்கு வெறும் எலும்புத் தேய்வு இல்லை. மஜ்ஜையில் புற்றுநோய். நாள் கடந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டும் ஒரு ஞாயிறு ஆறரைக்குப் போன் செய்தார். குரல் தேய்ந்திருந்தது.

"உக்காந்திருக்காளா?"

"உக்காந்திருக்கா, சார்."

"டீ?"

"இல்ல சார். நானும் குடிக்கல."

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை.

கிளினிக் இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை. நான்கு சுவருக்கும் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் செல்வி மாத்திரையைப் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்காருகிறாள். நானும் டீ குடிக்காமல் பக்கத்தில் உட்காருகிறேன். ஏழு மணி வரை போன் எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும்.