அந்தரத்தில் நின்ற அப்பல்லோ

"கடைசியில சாமி வந்தே ஆகணும்!" என்று தோல் வியாபாரி திமார்க்கஸ் ஒற்றைக் காலில் நின்றார். நாடகத்தின் பாட்டுக்குழுவுக்குச் சோறும் உடுப்பும் அவர் செலவு. போதாக்குறைக்குச் சாமி வேடக்காரனைக் கயிற்றில் தூக்கி இறக்கப் புதுப் பாரந்தூக்கி வேறு செய்து கொடுத்திருந்தார்.

"அண்ணே, முடிச்சுப் போட்ட கதையேதான் அதை அவுக்கணும். கயித்துல சாமியை இறக்கினா அது கதையா?" என்று கெஞ்சினான், நாடகம் எழுதிய எர்மியாஸ்.

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். இந்த ஏதென்ஸ் கவிஞர்கள் சாமானியப்பட்டவர்களா என்ன! ராஜா செய்த ஒரேயொரு பிழையிலிருந்தே அவன் அழிவைக் கொண்டுவந்து நம் நெஞ்சைப் பிழிந்துவிடுவார்கள். எர்மியாஸும் கெட்டிக்காரன்தான். ஆனால் அவனுடைய ராஜாக்கள் சாகும்போதெல்லாம் ஜனங்கள் வறுகடலை கொறித்தார்கள். இம்முறையும் ஊர் அழாவிட்டால் அடுத்த திருவிழாவின் நாடகப் போட்டியில் அவனுக்கு இடமில்லை.

"சாமி இல்லேன்னா பாட்டுக்குழுவும் இல்ல, தம்பி."

சாமி எழுதப்பட்டது. ராஜா வேடக்காரன் கோரேபஸ்தான் செத்த கையோடு அப்பல்லோ சாமியாகவும் வர வேண்டும். அவன் அண்ணாந்து பாரந்தூக்கியைப் பார்த்தான்.

"சாகச் சொல்லு, சாகறேன். பறக்க மட்டும் சொல்லாதே."

வேறு வழியில்லாமல் அப்பல்லோவின் முகமூடியை எர்மியாஸே மாட்டிக்கொண்டான்.

திருவிழா நாள். கதவுக்குப் பின்னால் ராஜா அலறிச் செத்தான். பாட்டுக்குழு மாரடித்தது. அப்பல்லோ மேலே எழும்பினார். பாதி வழியில் கப்பி சிக்கிக்கொண்டது.

"இழுங்கடா!" என்றார் திமார்க்கஸ்.

இழுத்தார்கள். சாமி பம்பரமாகச் சுழன்று ஜனங்களுக்கு முதுகைக் காட்டினார். திரும்புவதற்காகக் காலை உதைத்தார். தலைகீழானார். முகமூடி கழன்று விழுந்தது.

"அடடே, நம்ம எர்மியாஸ்!" என்றது கூட்டம்.

கோரேபஸுக்கு மனசு கேட்கவில்லை. செத்த ராஜா ஏணியோடு ஓடி வந்தான்.

"ஐயோ, ராஜாவின் ஆவி!" என்று பாட்டுக்குழுத் தலைவர் சமாளித்தார்.

ஏணி இடித்ததில் ஒரு கயிறு அறுந்தது. எர்மியாஸ் மற்றொன்றில் தொங்கினான். ஆனாலும் மனிதன் ஒரு வரி விடவில்லை. முழு வசனத்தையும் தலைகீழாகவே சொல்லி முடித்தான். அந்த நெஞ்சுரத்துக்குக் கும்பிடு போட வேண்டும். பிறகு மூட்டை மாதிரி இறக்கினார்கள்.

"போச்சு, எல்லாம் போச்சு," என்று மேடைக்குப் பின்னால் முடங்கிக் கிடந்தவனைத் திமார்க்கஸ் வந்து உலுக்கினார்.

"எழுந்திருடா! பரிசு உனக்குத்தான். கூட்டமே அழுதுட்டிருக்கு!"

தலையில் வெற்றி மாலையோடு எர்மியாஸ் வெளியே வந்தான். முன்வரிசைப் பூசாரிகூடத் தேம்பிக்கொண்டிருந்தார். அவனுக்கும் கண் நிறைந்தது. கவிதை கடைசியில் ஜெயித்துவிட்டது! சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்த நடுவர்களில் ஒருவரான கரி வியாபாரியின் கையைப் பற்றிக்கொண்டான்.

"பெரியவரே, ராஜா தன் தப்பைத் தானே உணர்ந்து சாகிறாரே, அங்கதானே அழுதீங்க?"

கரி வியாபாரி மூக்கைச் சிந்தினார்.

"ராஜாவா? அவரை யாருப்பா பார்த்தா? நீ எப்ப விழுந்து சாவியோன்னுல்ல ஊரே குலை நடுங்கி அழுதுச்சு!"