கீரி வளர்த்த சாரைக்குக் கொப்புளம்

ஒரு காட்டில், பாம்பு வளர்ப்பது நாகரிகமாகிவிட்ட காலத்தில், வீரபாகு என்றொரு கீரி இருந்தது. அது சொக்கி என்ற சாரைப்பாம்பை வளர்த்துவந்தது. சொந்தபந்தமெல்லாம் காறித் துப்பியது. வீரபாகு கண்டுகொள்ளவில்லை.

சொக்கிக்குக் குளுகுளுவென்று இருக்கட்டுமே என்று, பெட்டிக்குள் தினமும் தேங்காய் நாரை நனைத்து நனைத்துப் போட்டது. ஒருநாள் சொக்கி தவளையைச் சீண்டவே இல்லை. புரட்டிப் பார்த்தால், அடிவயிற்றுச் செதிலெல்லாம் பழுப்பேறி, கொப்புளம் கொப்புளமாக நீர் கோத்திருந்தது.

"சட்டை உரிக்கப் போகுதுபோல," என்றது பக்கத்து வளை முயல்.

"அதுக்குக் கண்ணுல்ல பால் மாதிரி வெளுக்கும்? இது வேற என்னமோ." வீரபாகு சொக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது.

வரிசை ஆற்றங்கரைவரை நின்றது. சீட்டு கொடுக்கும் நாரை தலை நிமிரவில்லை. "டோக்கன் முன்னூத்திப் பன்னெண்டு. வியாழக்கிழமை வாங்க."

"அதுவரைக்கும் தாங்காதுங்க!"

"ஃபாரத்தை நிரப்புங்க. நோயாளிக்கு நீங்க என்ன உறவு?"

"வளர்க்கிறேங்க. பிள்ளை மாதிரி."

நாரை இப்போதுதான் நிமிர்ந்தது. கீரி, தோளில் பாம்பு. "பிள்ளைக்கெல்லாம் இதுல கட்டம் இல்லை. பாம்புன்னா ரெண்டே உறவுதான். இரை, பகை."

வீரபாகு கண்ணை மூடிக்கொண்டு 'பகை'யில் டிக் அடித்தது.

"அட, கொலை முயற்சி கேஸா! முதல்லயே சொல்லக் கூடாதா? வழி விடுங்கப்பா, அவசரப் பிரிவு!"

ஸ்ட்ரெச்சர் பறந்துவந்தது. அடுத்த நிமிடமே டாக்டரம்மா உடும்பு சொக்கியின் வயிற்றை முகர்ந்து பார்த்து, பெட்டியில் என்ன போட்டிருந்தது என்று கேட்டுக்கொண்டது.

"இது கடியாய்யா? ஈரத்துலயே கிடந்து செதில் அழுகியிருக்கு. முதல்ல அந்த நாரைத் தூக்கி வெளியே எறி!"

பின்னாலேயே வந்து வாசலில் நின்ற நாரை வெலவெலத்துப் போனது.

"உன்னை இல்லய்யா, தேங்காய் நாரைச் சொன்னேன். பெட்டியில காஞ்ச காகிதம் விரி. புண்ணைக் கழுவி, நான் தர்ற களிம்பைப் போடு. கொப்புளத்தை நீயா குத்தி உடைச்சே, தொலைச்சுடுவேன்."

வீரபாகு சொன்னபடி செய்தது. இரண்டு முறை சட்டை உரித்ததும் சொக்கியின் வயிறு வழவழவென்று ஆகிவிட்டது. தவளைகள் மறுபடி பயந்து இடம் மாறிப் போயின.

கேஸ் மட்டும் முடியவில்லை. சொக்கியைக் கொல்லப் பார்த்த குற்றத்துக்காக, வாராவாரம் காவல் நிலையத்தில் வீரபாகு கையெழுத்துப் போடுகிறது. தனியாகப் போகப் பயமாக இருக்கிறதென்று சொக்கியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகிறது.

நீதி: ஒருவரைக் காப்பாற்ற வேண்டுமானால், முதலில் அவரைக் கொல்லப் பார்த்ததாக எழுதிக்கொடு.