சாம்பிள் நீர்முள்ளி

வேலம்பாளையம்,
ஞாயிறு.

மரியாதைக்குரிய பெரிய மச்சான் பெரியகருப்பன் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் ஜெயபாண்டி வணங்கி எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் தங்கையின் கால் மட்டும் நலமில்லை. போனில் சொன்னால் அவள் காதில் விழும், எங்களுடையது ஒரே அறை, அதனால்தான் கடிதம்.

பனியன் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில் நாள் முழுக்க நின்று நாகஜோதிக்கு இரண்டு காலும் வீங்கிவிட்டன. டாக்டர் மாத்திரை கொடுத்து, உட்கார்ந்து வேலை பார்க்கச் சொன்னார். கம்பெனியில் மாத்திரைக்குத் தடையில்லை, உட்காரத்தான் இடமில்லை. பக்கத்து வீட்டு சீனியம்மாள், நீர்முள்ளிக் கஷாயம் குடித்தால் வீக்கம் வடியும் என்றார்கள். நம் கண்மாய் ஓரத்தில் வேட்டியைக் கிழிக்குமே அந்த முள்தானே, என்ன பிரமாதம் என்று கிளம்பினேன். மங்கலத்தில் குளத்தைச் சுற்றி வந்தேன், எல்லாம் சீமைக்கருவேலம். குன்னத்தூரில் ஒரு தோட்டத்துக்காரர், "ஏனுங்க, ஈரமே இல்லாத காட்டுல நீர்முள்ளிக்கு எங்கீங்க போறது?" என்று மோர் கொடுத்து அனுப்பினார். நாய் துரத்தியதும் செருப்பு போனதும் தனிக்கதை. கடைசியில் பார்த்தால் எங்கள் காலனிக்குப் பின்னால், ஓடைச் சேற்றில், ஒரே ஒரு செடி ஊதாப் பூவோடு நிற்கிறது.

பிடுங்கப் போனவனை உங்கள் தங்கை விட்டால்தானே? "ஊருக்கே மிச்சம் இது ஒண்ணுதான். இது சாம்பிள் பீஸு. சாம்பிளை யாராச்சும் வெட்டுவாகளா?" என்றாள். ஆர்டர் கொடுக்கும் பையர் ஒப்புக்கொண்ட சாம்பிளைப் பார்த்துத்தான் மற்ற உருப்படியெல்லாம் வெட்டுவோம், அதன்மேல் கத்தரி படக்கூடாது. பதினெட்டு வருடக் கட்டிங் மாஸ்டருக்கே பாடம். அதோடு விட்டாளா, கம்பெனி அட்டையில் 'சாம்பிள், தொடாதே' என்று எழுதிச் செடியில் கட்டியும் விட்டாள். பிடிவாதம் உங்கள் வீட்டுச் சீதனம் மச்சான், நான் என்ன செய்ய? ஆகவே கண்மாயில் ஒரு கட்டு பிடுங்கிக் காயவைத்து பஸ்ஸில் போட்டுவிடவும். அவள் காலைப் பார்க்க எனக்குத் தாளவில்லை.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, புதுக் கன்றுக்குட்டிக்கும் விசாரிப்பு.

இப்படிக்கு,
ஜெயபாண்டி

பின்குறிப்பு: அண்ணே, நாகஜோதி எழுதுறேன். இவரு கவர் ஒட்டப் பசை வாங்கப் போன நேரத்துல படிச்சுட்டேன். இதுல கால் வீக்கமும் அந்த ஒத்தைச் செடியும் மட்டும்தான் நெசம். புடுங்கிட்டு வாங்கன்னு மூணு தடவை அனுப்புனேன். மூணு தடவையும் முள்ளு குத்திருச்சுன்னு வெறுங்கையோட வந்தாரு. அட்டை கட்டுனதும் அவருதான். நாளுக்கு ஆயிரம் பனியன் வெட்டுற கை! சரி, நானே புடுங்கிருவோம்னு காலையில அருவாளோட போனேன். பூவைப் பாத்ததும் எனக்கும் மனசு வரலைண்ணே. நாளைக்கு மேனேஜர்கிட்ட ஸ்டூல் கேக்கப் போறேன். நீ கட்டு அனுப்பாத. ஒரு பிடி விதை அனுப்பு, ஓடையில போடணும்.