கனம் குறையாத வில்

மாமனார் வீட்டு ஆட்கள் வேடிக்கை பார்க்கும் இடத்தில் மனுசன் எதையும் புதிதாகச் செய்து பார்க்கக் கூடாது. பிள்ளைகளா, இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் கல்யாணம் ஆன புதிது. உச்சிப்புளியில் இருவரும் ஒரே மைதானத்தில்தான் வில் பழகினோம். அவளுக்கு மூங்கில் வில். எனக்குக் காம்பவுண்ட் வில். (எங்கள் வில் சங்கத்தில் இருந்ததே ஒன்றுதான். அதைக் கையில் எடுத்தால் என் நடையே மாறிவிடும்.) இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த வில் அது. இழுக்க ஆரம்பிக்கும்போது கனக்கும். பாதி தாண்டியதும் சக்கரம் உருண்டு, கனம் சட்டென்று குறைந்துவிடும். அப்புறம் சாவகாசமாகக் குறி பார்த்து, கையிலுள்ள விசையை அமுக்கினால் அம்பு போய்விடும்.

இராமநாதபுரத்தில் ஒரு போட்டி. ஆணும் பெண்ணும் ஜோடியாக மூங்கில் வில்லில் எய்ய வேண்டும். ஜெயிக்கிற ஜோடி மாநிலப் போட்டிக்குப் போகும். அதற்காகவே உங்கள் அம்மா விரல் காய்த்துப்போகப் பழகியிருந்தாள். அன்றைக்குப் பார்த்து, அவளுக்கு ஜோடியான உங்கள் மாமாவுக்குக் காய்ச்சல்.

"ஏங்க, ஆள் இல்லாட்டி எங்க பேரை அடிச்சிருவாக. நீங்க வாரீகளா?"

"இதுல என்ன இருக்கு? எல்லாம் வில்லுதானே!" என்றேன்.

கோட்டில் நின்று இழுத்தேன். கனம் குறையட்டும் என்று காத்திருந்தேன். குறையவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். கூடியது! கட்டைவிரல், இந்த வில்லில் இல்லாத விசையைத் தேடித் தடவியது.

கூட்டத்திலிருந்து என் மாமனார் குரல் கொடுத்தார்: "மாப்ள, அம்பு விடுறீகளா, மழைக்கு ஒதுங்கி நிக்கிறீகளா?"

விரல் வழுக்கியது. நாண் முன்கையில் பளாரென்று அறைந்தது. அம்பு பறந்துபோய்க் குறிப்பலகையின் நட்டநடுவில் குத்தி நின்றது. இரண்டு கையையும் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். ஒருத்தரும் கை தட்டவில்லை.

"அது பக்கத்துக்காரக பலகைங்க," என்றாள் உங்கள் அம்மா, மெதுவாக.

எனக்குப் பூஜ்யம். அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவள் திட்டவில்லை.

"இங்கன பாருங்க. இது குறையவே குறையாது. இழுத்த கையோட விட்ருங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

சொன்னபடி விட்டேன். எங்கள் பலகையில்தான் பட்டது, ஓரத்தில் என்றாலும். ஆனால் உங்கள் அம்மா! என் பூஜ்யத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு எய்தாள். அம்புக்கு அம்பு நடு மஞ்சள் வட்டத்திலேயே இறங்கியது. கடைசி அம்பில் எதிர் ஜோடியை ஒரே ஒரு புள்ளியில் தாண்டிவிட்டாள்.

"பாத்தீகளா எம் மகளை!" என்று மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார். மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நியாயம்தான்.

மாநிலப் போட்டிக்குக் காய்ச்சல் தெளிந்த உங்கள் மாமாவே ஜோடியாகப் போனார். நான் கூடவே அவள் வில்லைச் சுமந்துகொண்டு போனேன். அவ்வளவு பெருமையாக நான் வேறெதையும் சுமந்ததில்லை.

இன்றும் காஸ் சிலிண்டர் முன்னால் நான் இடுப்பில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றால் போதும். அடுப்படியிலிருந்து குரல் வரும்:

"காத்துக்கிட்டு நிக்காதீக. அது குறையாது, தூக்குங்க!"