வெற்றிலை மண்டிக் கீபோர்டு

"ஐயோ!" என்றான் ஹாலாஸ்யம். பன்னீர் சோடாவில் பாதி அவன் வயிற்றுக்குள்ளும் மீதி கீபோர்டுக்குள்ளும் போயிருந்தது.

காளவாசல் நல்லகாமன் வெற்றிலை மண்டியில் அவன் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகச் சேர்ந்து மூன்று மாதம். வேலையை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முதலாளி இன்று சாயங்காலம் சொல்லப்போகிறார். நிரந்தரமானால்தான் பெண் என்று ஸ்யாமளாவின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். ஸ்யாமளாவை நினைத்துக்கொண்டே குடித்ததில்தான் பாட்டில் நழுவியது.

வேட்டி நுனியால் துடைத்துவிட்டுத் தட்டிப் பார்த்தான். உள்ளே போன எழுத்துக்கட்டை மேலே வரவில்லை. அதைவிட மோசம், சத்தம் வரவில்லை.

அந்தச் சத்தம் லேசுப்பட்டதல்ல. கடையில் முதலாளிக்கு இரண்டு கீபோர்டு காட்டினார்களாம். ஒன்றில் எழுத்துகளுக்கு அடியில் ரப்பர் விரித்திருந்தது; தட்டினால் மெத்தென்று அமுங்கும். மற்றதில் இரும்புத் தகட்டின் மேல் எழுத்துக்கு ஒரு ஸ்பிரிங். அழுத்தினால் அது சட்டென்று ஒரு பக்கம் மடங்கி 'டக்' என்று அடிக்கும். தூக்கினால் அம்மிக்கல் கனம். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் போட்டு முன்னேறியவர் நல்லகாமன். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் தட்டச் சொல்லிக் கேட்டார். "இதுதான்யா! இதுல உசுரு இருக்கு" என்று ஸ்பிரிங் கீபோர்டை வாங்கிவந்துவிட்டார்.

என்ன ஒரு தொழில் ஞானம் என்று ஹாலாஸ்யம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் முதலாளி திரைக்குப் பின்னால் இருக்கும் அறைக்குள் போய்விடுவார். கணக்கு யோசிக்கிறார் என்று பேர். டக் டக் நின்றால் போதும், திரை விலகிச் சிவந்த கண்ணோடு தலை நீளும். மனிதர் வேலையைக் காதால்தான் அளக்கிறார் என்று ஹாலாஸ்யம் முதல் வாரமே கண்டுபிடித்திருந்தான். இதுவரை ஒரு அச்சுத்தாள்கூட அவர் கேட்டதில்லை. அவ்வளவு நம்பிக்கை!

இப்போதும் திரை விலகியது. "என்ன தம்பி, சத்தத்தையே காணோம்?"

"இதோ ஆச்சு சார், தூசி தட்டிண்டிருக்கேன்!"

தலை உள்ளே போனதும் ஹாலாஸ்யம் பக்கத்து சைக்கிள் கடைக்கு ஓடிச் சுருளியைக் கையோடு இழுத்துவந்தான்.

"இது ஒரு சமாச்சாரமா சாமி? எண்ணெய விட்டா எல்லாம் ஓடும்" என்று சுருளி சைக்கிள் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினான். எழுத்துகள் வெண்ணெயாக வழுக்கின. முணுக்கென்ற சத்தம் இல்லை.

"சத்தம் எங்கப்பா?"

"சத்தம் வராம இருக்கத்தான சாமி எண்ணெயே போடுறது?"

உள்ளேயிருந்து ஒரு கனைப்பு வந்தது. ஹாலாஸ்யத்துக்கு அழுகை முட்டியது. "கழட்டு, கழட்டு!" என்றான்.

சுருளி திருகாணிகளைக் கழற்றித் தகட்டைத் தூக்கினான். அடைந்து கிடந்த ஸ்பிரிங்குகள் விடுதலை கிடைத்த சந்தோஷத்தில் நாலா பக்கமும் பறந்தன. சில வெற்றிலைக் கூடைக்குள் விழுந்தன. ஒன்று சுருளியின் மீசையில் மாட்டிக்கொண்டது.

"பதறாதீக. நம்ம கடையில பழைய பேனா அம்புட்டு கெடக்கு" என்று ஓடிப்போய், பேனா ஸ்பிரிங்குகளைப் பிடுங்கிவந்து செருகினான். ஹாலாஸ்யம் ஒரு எழுத்தை அழுத்தினான். அது எகிறிப் போய்க் காலண்டர் முருகனின் காலடியில் மோதி விழுந்தது.

"தம்பீ!" என்று உள்ளேயிருந்து உறுமல் கேட்டது.

சுருளி சட்டென்று ஒரு ஸ்பேனரை நீட்டினான். "தகட்டுல அடிங்க சாமி. உங்களுக்குத் தேவை சத்தம்தான?"

டக் டக் டக். உறுமல் அடங்கியது. ஹாலாஸ்யம் வலது கை வலித்தால் இடது கையால் அடித்தான். வியர்வை வழிந்தது. சுருளி கூடை மூடியால் விசிறினான். மின்விசிறி நின்றுபோனதையோ, கம்ப்யூட்டர் இருண்டுபோனதையோ இருவரும் கவனிக்கவே இல்லை.

சாப்பாட்டுக் கேரியரை எடுத்துப்போக முதலாளியின் மனைவி பாண்டியம்மாள் வந்தபோது நல்லகாமனும் வெளியே வந்தார். கன்னத்தில் கோரைப்பாய் வரிவரியாகப் பதிந்திருந்தது. இருண்ட கம்ப்யூட்டரைப் பார்த்தார். எலும்புக்கூடாகக் கிடந்த கீபோர்டைப் பார்த்தார். ஸ்பேனரையும் பார்த்தார். ஹாலாஸ்யம் மனசுக்குள் ஸ்யாமளாவிடம் விடைபெற்றுக்கொண்டான்.

"கரண்டு எம்புட்டு நேரமா இல்ல?"

அப்போதுதான் ஹாலாஸ்யம் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தான். "தெரியலையே சார்..."

"கரண்டு இல்லாமலே அடிச்சியா?"

"ஆமா சார். மன்னிச்சுடுங்கோ."

நல்லகாமன் பாய்ந்துவந்து அவனைக் கட்டிக்கொண்டார். "இன்னையிலருந்து உன் வேலை நிரந்தரம்யா!" என்று முதுகில் தட்டிவிட்டு முகம் கழுவப் போனார்.

ஹாலாஸ்யத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கீபோர்டை உடைச்சதுக்கா அம்மா வேலை நிரந்தரம்?" என்றான்.

பாண்டியம்மாள் கேரியரைக் கையில் எடுத்தாள்.

"கொடிக்கால்ல ஆயில் எஞ்சின் பக்கத்துலயே படுத்துப் பழகுன மனுசன் தம்பி, கரண்டு மோட்டாரு வந்து அந்தச் சத்தம் நின்னதுலருந்து பொட்டுத் தூக்கமில்லன்னுதான இந்தப் பெட்டியவே வாங்கி வச்சோம்!"